ஒரு சொட்டும் சிந்தாத தீவு

நரிப்பல்தீவில் ரத்தம் நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தவன் நான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, தீவில் நாள் தவறாமல் அடுத்தவர் கழுத்தில் கத்தி வைக்கிறவன் நான் ஒருவன்தான், என்னை விட்டால் வேறு யார் கண்டுபிடிப்பது. தீவை ஆண்ட அதிபர் படகேறிப் போன நாலாம் நாள் காலை, பள்ளிக்கூடத்து ஞானதுரை வாத்தியாருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தேன். அதிபர் போன பிறகு தீவுக்கு அவர்தான் தலைவர் என்று ஆகியிருந்ததால் பேச்சு கொஞ்சம் கூடுதலாக இருந்தது, பேச்சு வேகத்தில் தலையைத் திருப்பினார், கத்தி தாடைக்குக் கீழே ஒரு நெல் நீளத்துக்கு இறங்கிவிட்டது. நான் படிகாரக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தோல் பிளந்தது தெரிந்தது, உள்ளே சதை தெரிந்தது, வரவேண்டியது மட்டும் வரவில்லை.

"வலிக்குதா சார்?"

"வலிக்கத்தான் செய்யுது. ஏன், ரத்தம் ரொம்பப் போவுதோ?"

"ஒண்ணுமே போவல சார்."

"போவலன்னா நல்லதுதான, மிச்சத்தை வழி" என்றார். நானும் வழித்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம், எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டேன். வாத்தியார் போனதும் என் கட்டைவிரலில் ஊசியைக் குத்திப் பார்த்தேன், வரவில்லை. என் மனைவி குருவம்மாவின் விரலில் அவள் அசந்த நேரம் குத்திப் பார்த்தேன், வசவு வந்தது, ரத்தம் வரவில்லை. மத்தியானத்துக்குள் செய்தி மீன் நறுக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து உப்பளத்துக்குப் போய், உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் பாளம் பாளமாக வெடித்து ஆயுள் பூராவும் கசிந்துகொண்டிருந்த சனங்கள் வரப்பில் உட்கார்ந்து தங்கள் குதிகாலைத் தாங்களே தூக்கிப் பார்த்து, வெடிப்பு அப்படியே இருக்கிறது, கசிவு இல்லை என்று கண்டு, இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் குடங்களைச் சொல்ல வேண்டும், குடங்களைச் சொல்ல வேண்டுமென்றால் தண்ணீரைச் சொல்ல வேண்டும். ஒரு நரியும் இல்லாத எங்கள் நரிப்பல்தீவில் சுற்றிலும் உப்புத்தண்ணீர், தோண்டினாலும் உப்புத்தண்ணீர், நல்ல தண்ணீர் என்பது அதிபர் பங்களாவின் காம்பவுண்டுக்குள் இருந்த ஒரே ஒரு மழைத்தொட்டியில்தான். அந்தத் தொட்டி யாரிடமோ தீவும் அவரிடம்தான், முப்பத்தொரு வருசம் அப்படித்தான் ஓடியது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் குழாய் திறக்கும், வீட்டுக்கு இரண்டு குடம், எதிர்த்துப் பேசியவன் வீட்டுக்குடம் காலியாகத் திரும்பி வரும். கேட்டில் நிற்பவன் பெயர் இன்னாசி, ஒல்லியான ஆள், இடது கைச் சுண்டுவிரல் பாதி இருக்காது, கைப்பிள்ளைக்காரிகள் வந்தால் அதிபர் மாடியில் இருக்கிறாரா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு மூன்றாவது குடத்தையும் உள்ளே விடுவான்.

போன வருசம் மழை பொய்த்தபோது, இனி வீட்டுக்கு ஒரு குடம் என்று அதிபர் சொன்னார். மறுநாள் ஒருத்தி தன் காலிக்குடத்தைப் பங்களா கேட்டுக்கு முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்தாள். அடுத்தவளும் அப்படியே செய்தாள். பொழுது சாய்வதற்குள் மண்குடம், பித்தளைக்குடம், பிளாஸ்டிக் குடம் என்று தீவின் குடமெல்லாம் அந்தப் பாதையில் கவிழ்ந்து கிடந்தன, பின்னால் தீவே உட்கார்ந்திருந்தது, கோஷம் போடத் தொண்டையில் ஈரம் இல்லாததால் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதிபர் வெளியே வர வேண்டுமென்றால் குடங்களை உடைத்துக்கொண்டுதான் வர வேண்டும், ஒரு வீட்டு வாசலில் குடம் உடைந்தால் அது எதற்கு என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தன் வாசலில் தன் சாவுக்குத் தானே குடம் உடைக்க அந்த மனிதருக்கு மனசு வரவில்லை. காவலர் பதினோரு பேர் இருந்தார்கள், ஆனால் அவர்கள் பெண்டாட்டிமாரின் குடங்களும் அந்த வரிசையில் இருந்தன. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் பின்பக்கத்துத் துறையில் படகேறிப் போய்விட்டார்.

அதற்கு அப்புறம் நடந்ததைத் தாண்டிப் போகத்தான் நாங்கள் ஒரு வருசம் பழகினோம், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதிபர் போனதும் இன்னாசி தானாகவே வந்து கேட்டைத் திறந்தான். மூன்று நாள் தாகம் எங்களுக்கு, சந்தோசம் வேறு, முன்னால் இருந்தவர்கள் எழுந்தோம், பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், எல்லாருமாகத் தொட்டியைப் பார்த்து ஓடினோம், இன்னாசி விழுந்தான், அவன் மேல் ஓடினோம். நான் மிதித்தது கையை. கீழே பார்த்தேன், சுண்டுவிரல் பாதி இல்லை, யார் கை என்று தெரிந்தது, தெரிந்தும் நிற்கவில்லை, நிற்க முடியவில்லை என்று சொல்வேன், நிற்கவில்லை என்பதுதான் சரி. தொட்டியின் தண்ணீரில் நாங்கள் முதலில் வாய் வைக்கவில்லை, முதலில் கால் கழுவினோம், அவ்வளவு ரத்தம் இருந்தது காலில். பிறகு நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போய், யாரும் உப்பு வாராமல் விட்டிருந்த ஒரு பாத்தியின் வரப்பில் புதைத்துவிட்டார்கள்.

"இப்போதைக்கு" என்றார் ஞானதுரை வாத்தியார்.

இன்னாசியின் மனைவி பிலோமி ஏழு மாதக் கர்ப்பிணி, அதனால் கூட்டத்துக்கு வரவில்லை. மத்தியானம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கேட்டடிக்கு வந்து, எங்க வீட்டாளு எங்க என்று கேட்டாள். அதிபரோடு படகில் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று கேட்காதீர்கள், அது எல்லார் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது போலத்தான் இருந்தது.

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. உப்பு எடை போடும் கொட்டகையில் ஒரு மேடை, அதில் எடை சொல்பவள் ஏறி நின்று எடையை மூன்று தரம் உரக்கச் சொல்வாள், கீழே நிற்பவர்கள் ஒவ்வொரு தரமும் "ஆமா" என்பார்கள், மூன்றாவது ஆமாவுக்கு அப்புறம் அதுதான் எடை, தராசில் கல்லே மாறியிருந்தாலும் அதுதான் எடை. எடைக்கு மட்டுமில்லை, தீவில் கல்யாணம், பிறப்பு, சாவு எல்லாமே அந்த மேடையில் சொல்லி ஆமா வாங்கினால்தான் நடந்ததாகக் கணக்கு. சொல்லி ஆமா வாங்காத கல்யாணத்துக்குப் பிள்ளை பிறந்தாலும் அந்த இரண்டு பேரும் எங்களுக்கு அண்டை வீட்டுக்காரர்கள்தான். இப்போது எடை சொல்பவள் சந்தனக்கனி, நாற்பது வயது, அவள் தொண்டையைச் செருமினால் அக்கரையில் காக்கா பறக்கும்.

அன்று சாயங்காலம் நடந்ததை மேடையில் சொல்ல வேண்டும், என்ன சொல்வது என்று கொட்டகையில் ஒரே சச்சரவு. உலகத்தில் எந்தெந்த நாட்டிலோ இந்த மாதிரி நடந்தபோதெல்லாம் பூவின் பெயரை வைத்தார்கள், துணியின் பெயரை வைத்தார்கள், நிறத்தின் பெயரை வைத்தார்கள் என்று வாத்தியார் விளக்கினார். எங்களுக்குப் பூவும் இல்லை, கட்டியிருந்த துணி மெச்சும்படியும் இல்லை. மௌனப் புரட்சி என்றார் ஒருவர், எங்கள் உப்பளத்து மேஸ்திரியின் மனைவி வாயைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். குடப் புரட்சி என்றார்கள், அது சரி என்று பட்டது, ஆனால் பெயர் மட்டும் போதாது, ஒரு வாக்கியம் வேண்டும் என்று சொல்லி வாத்தியார் தாளில் எழுதி நீட்டினார்: "ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாமல் இந்தத் தீவு மக்கள் கைக்கு வந்தது."

சந்தனக்கனியும் காலையில் முன்வரிசையில் இருந்தவள். தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சொட்டும்னு போடணுமா சார்?"

"உலகம் பூராவும் அப்பிடித்தாம்மா எழுதுதான். அதுதான் எடுப்பா இருக்கும்."

அவள் மேடையேறி மூன்று தரம் சொன்னாள். நாங்கள் மூன்று தரம் ஆமா சொன்னோம். பிலோமியும் ஓரமாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டே ஆமா சொன்னாள். அந்த மூன்றாவது ஆமாவிலிருந்து நரிப்பல்தீவில் ஒருவருக்கும் ரத்தம் வரவில்லை.

வராததற்குச் சனங்கள் பழகிக்கொண்ட வேகம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். முதல் வாரம் கோயிலில் கேட்டார்கள், மாதா சொரூபம் வைத்த கெபியில் கேட்டார்கள், இரண்டாம் வாரம் பெருமைப்பட ஆரம்பித்தார்கள். பாத்தீங்களா, நாம சொன்ன சொல் உடம்புக்கே தெரிஞ்சுபோச்சு என்றார் வாத்தியார். கொசுக்கள் எங்களைக் கடித்துப் பார்த்து ஏமாந்து சோர்ந்து உட்கார்ந்திருந்தன. அக்கரையிலிருந்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, உங்கள் புரட்சியை ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அமைதியான, கண்ணியமான, மென்மையான என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனார். அவர் என் கடைத் திண்டில் உட்கார்ந்து மாங்காய் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டார், ரத்தம் கொட்டியது, தெருவே கூடி நின்று அதை வேடிக்கை பார்த்தது. எவ்வளவு சிவப்பா இருக்கு பாருங்க என்று ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.

அன்றைக்குத்தான் எனக்கு யோசனை ஓடியது. அவருக்கு வருகிறது. ஆடு அறுத்தால் ஆட்டுக்கு வருகிறது. பேச்சு வராத பிள்ளைகள் விழுந்தால் முழங்காலில் வருகிறது, பேச்சு வந்த பிள்ளைகளுக்கு வருவதில்லை. வீட்டுக்கு வந்து குருவம்மாவிடம் சொன்னேன்.

"ஏளா, ஆமா சொன்னவங்களுக்குத்தான் நின்னுருக்கு."

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "இது தெரியதுக்கு உங்களுக்கு மூணு மாசம் ஆச்சாக்கும்" என்றாள். "பொம்பளைங்க எங்களுக்கு முத மாசமே தெரியும். தீட்டே வரல ஒருத்திக்கும். தொல்லை விட்டுதுன்னு சிரிச்சாளுவ. இப்ப ஒருத்தியும் சிரிக்கல. ஒரு வயித்துலயும் புதுசா ஒண்ணும் தங்கல."

குருவம்மாதான் தீவுக்கு மருத்துவச்சி, அவள் கை படாமல் பிறந்தவர்கள் இங்கே அவள் தொழிலுக்கு மூத்தவர்கள் மட்டும்தான். அவள் கையில் இருந்த ஒரே கர்ப்பிணி பிலோமி. பத்தாம் மாதம் வந்தது, வலி வந்தது, போய்விட்டது. பதினொன்றில் வந்தது, போய்விட்டது. பிள்ளை வாசல் வரைக்கும் வருது, எட்டிப் பாக்குது, திரும்பிப் போயிருது என்று குருவம்மா வந்து சொன்னாள். ரத்தம் இல்லாமல் பிள்ளை வெளியே வர வழி இல்லை என்பது இத்தனை வருசம் கூடவே இருந்தும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினைந்து, இருபது என்று மாதம் ஏறியது, பிலோமி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அதிபர் பின்னால் ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று தண்ணீர் வரிசையில் அவளுக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. கால் கழுவியவர்களும் கொடுக்கவில்லை, கால் கழுவியவர்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதில் நானும் உண்டு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இருபத்தோராம் மாதம் பிள்ளையின் அசைவு குறைந்தது. குடம் கவிழ்த்த நாளுக்கு வருசப் பூர்த்தி முடிந்தும் விழா நடத்த முடியாமல், வாக்கியம் வெட்டிய கல் வந்து சேரவில்லை என்று தள்ளித் தள்ளிப் போய், கல் வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை காலை குருவம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சந்தனக்கனி இருந்தாள், வாத்தியார் இருந்தார், கல்லைப் பார்க்க வந்த பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"சொன்னதை மாத்திச் சொல்லணும்" என்றாள் குருவம்மா. "இல்லன்னா பிள்ள வயித்துலயே போயிரும், தாயும் போயிருவா."

ஞானதுரை கெட்டவர் இல்லை. உட்கார்ந்துவிட்டார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், மொத்தமா மாத்த வேண்டாம், கொஞ்சம் திருத்திப் பாப்போம் என்றார். தாளை எடுத்தார். இங்கே இருக்கிற பன்னிரண்டு பேர் ஆமா சொல்வது, நான் என் விரலில் ஊசியால் குத்திப் பார்ப்பது என்று ஏற்பாடு.

"ஏறத்தாழ ஒரு சொட்டும் சிந்தாமல்" என்று எழுதினார். சந்தனக்கனி மூன்று தரம் சொன்னாள், பன்னிரண்டு பேரும் ஆமா சொன்னார்கள். குத்தினேன். விரல் நுனி லேசாக வேர்த்தது, அவ்வளவுதான்.

"பெரிய அளவில் ரத்தம் சிந்தாமல்" என்று திருத்தினார். தண்ணீரில் வெற்றிலை எச்சில் கரைந்த மாதிரி ஏதோ ஒன்று கசிந்தது.

"எதிர்பாராத ஒரு துயரச் சம்பவம் நீங்கலாக" என்று சேர்த்தார். இந்தத் தடவை நிஜமாகவே ஒரு சொட்டு வந்தது, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம், அது விரல் நுனியில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. என் வாழ்நாளில் நான் பார்த்த விசித்திரங்களில் அதற்கு இணை கிடையாது.

"அமைதி வழியில் நடந்த இந்த மாற்றத்தில் ஒருவர் உயிர் நீத்தார்" என்று எழுதினார் வாத்தியார். சிவப்பாகவே வந்தது. ஆனால் சொட்டுவதற்கு முன்னாலேயே கறுத்துக் காய்ந்து உதிர்ந்தது.

"யாரு உயிர் நீத்தா?" என்று கேட்டாள் குருவம்மா. "சும்மா உக்காந்திருக்கையில நீத்தாராக்கும்?"

சந்தனக்கனி மேடையை விட்டு இறங்கி வந்தாள். "பேரைச் சொல்லணும் சார். யாரு மிதிச்சதுன்னும் சொல்லணும். எனக்கு அன்னிக்கே தெரியும், தாளைப் பாத்து வாசிச்சிட்டேன்."

"சொல்லிருவோம். சொன்னா அப்புறம் வெளியூர்க்காரன் இதுக்கு என்ன பேருன்னு எழுதுவான்? கலவரம்னு எழுதுவான். நாம மூணு நாள் தொண்டை காஞ்சு உக்காந்திருந்ததெல்லாம் இல்லன்னு ஆயிரும். அக்கரையில உக்காந்துட்டு அதிபர், பாத்தியா என் தீவை, தண்ணிய விட்டா மிதிச்சே கொல்லுவான்னு சிரிப்பாரு. அதைக் காரணம் காட்டித் திரும்பி வந்துட்டார்னா? ஒரு பிள்ளைக்காக ஆயிரம் பேரை மறுபடி ஒரு குடத்துக்கு நிறுத்தச் சொல்லுதியா?"

அவர் சொன்னது பொய்யுமில்லை, அதுதான் சங்கடம்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பத்து மணிக்குக் கொட்டகையைச் சுற்றித் தீவு முழுக்க நின்றது. ஆராய்ச்சிக்காரர் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்லின் மேல் மஞ்சள் துணி போர்த்தியிருந்தது. குருவம்மா உப்பு வண்டியில் மெத்தை விரித்து அதில் பிலோமியைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து மேடைக்கு நேர் கீழே நிறுத்தினாள், பிள்ளை அசைந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்று என் காதில் சொன்னாள். வாத்தியார் தாளைச் சந்தனக்கனியிடம் கொடுத்தார். அதில் பழைய வாக்கியம்தான் இருந்தது. அவள் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மேடையேறினாள்.

"இன்னாசி படகுல போகல. அவன்தான் நமக்குக் கேட்டைத் திறந்தான். தண்ணிக்கு ஓடுன நாம அவனை மிதிச்சோம். அதுல செத்தான்."

முதல் தரம் சொல்லி நிறுத்தினாள். ஆமா வர வேண்டிய இடத்தில் அலைச்சத்தம்தான் கேட்டது. ஆயிரம் பேர் நிற்கிறார்கள், ஒரு வாய் திறக்கவில்லை. வண்டியில் படுத்திருந்த பிலோமி முழங்கையை ஊன்றி எழுந்து எங்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எங்கிட்ட படகுன்னியளே" என்றாள். சத்தம் போடவில்லை, சத்தம் போட உடம்பில் தெம்பில்லை. "ஒரு படகு விடாம போய் நின்னு பாத்தேனே. எம் புருசன் ஓடிப்போனான்னு தண்ணி வரிசையில எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னியளே. நீங்க எல்லாருமா சேந்து நின்னுல்லா சொன்னிய."

நான் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, கால் முன்னால் போய்விட்டது, அந்தக் காலுக்கு அந்தக் கை தெரியும்.

"ஆமா" என்றேன். "நான் மிதிச்சது கைய."

அப்புறம் சந்தனக்கனியே மேடையில் இருந்துகொண்டு ஆமா சொன்னாள், எடை சொல்பவள் ஆமா சொல்வது அதுவரை நடந்ததில்லை. மேஸ்திரி சொன்னார், மீன் நறுக்கும் பெண்கள் சொன்னார்கள், காவலர் பதினோரு பேரும் சொன்னார்கள். இரண்டாம் தரம் அவள் சொல்லும்போது பின்வரிசையில் நின்று தள்ளியவர்கள் சொன்னார்கள், கீழே கிடப்பது யாரென்று நாங்கள் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவுமில்லை, ஆமா என்றார்கள். மூன்றாம் தரத்துக்கு வாத்தியார் ஒருவர்தான் பாக்கி. அவர் கல்லைப் பார்த்தார், வெளியூர்க்காரர்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், "ஆமாம்மா" என்றார்.

முதலில் அவர் தாடைக்குக் கீழே சிவந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் நான் போட்ட வெட்டு, ஆறிப்போன இடத்திலிருந்து இறங்கிக் காலரை நனைத்தது. அப்புறம் எல்லாருக்கும் எல்லாமும் வந்தது, அருவாமனையில் பட்டது, முள் குத்தியது, கண்ணாடி கிழித்தது, ஒரு வருசத்தில் வராமல் நின்றதெல்லாம் வந்தது, குதிகால் வெடிப்புகள் திறந்து வெள்ளைத் தரையெல்லாம் ஆளாளுக்குக் கால் தடம் பதிந்தது. யாரும் துடைக்கப் போகவில்லை. பிலோமி வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாள், குருவம்மா ஆம்பளைங்க எல்லாம் தள்ளிப் போங்க என்று விரட்டிவிட்டு உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரம் கழித்து அழுகைச் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை, தலையில் முடி அடர்த்தி, இரண்டு பல் முளைத்திருந்தது.

வெளியூர்க்காரர்களில் மூன்று பேர் கலவரம் என்று எழுதினார்கள், ஒருவர் எழுதவே இல்லை, ஆராய்ச்சிக்காரர் மட்டும் என்னிடம் வந்து இப்போது இதற்கு என்ன சொல் போடுவது என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன், அவர் அதையே எழுதிக்கொண்டார். அதிபர் அக்கரையில் சிரித்தாரோ என்னவோ, திரும்பி வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று பல நாள் யோசித்தேன், மறுபடி குடத்தைக் கவிழ்த்திருப்போம், இந்தத் தடவை மெதுவாக எழுந்திருப்போம் என்று நினைத்துக்கொள்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் இன்னாசியை வரப்பிலிருந்து எடுத்தோம். உப்பு அவனை அப்படியே வைத்திருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகுமுன் நான்தான் அவனுக்கு முகம் வழித்தேன், எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை, பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைக் குளிப்பாட்ட அவள் தினமும் எங்கள் வீட்டுக்கு வருவாள். குருவம்மாவோடு பேசுவாள், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது நியாயம்தான் என்று நானும் வாசலோடு இருந்துகொள்வேன். இருபத்து மூன்றாம் நாள் குருவம்மா பிள்ளையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பிலோமி வாசலுக்கு வந்து நின்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதீங்க மருதப்பண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க முன்னால நின்னீகள்லா. அவுக கடைசியா ஏதும் சொன்னாகளா?"

இதை நான் குருவம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஏதாவது மென்மையாகச் சொல்லலாமா என்று ஒரு நொடி மனசு தேடியது, தேடியதற்கு எனக்கே என் மேல் வெறுப்பாக வந்தது.

"சொன்னாரும்மா. கேட்டைத் திறந்துட்டு ரெண்டு கையையும் விரிச்சுகிட்டு நின்னாரு. 'மெதுவா வாங்க, எல்லாருக்கும் தண்ணி இருக்கு'ன்னாரு."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே பிள்ளை சிரித்தது, குருவம்மா அதோடு ஏதோ பேசினாள். பிலோமி திரும்பிப் போவாள் என்று நினைத்தேன், போகவில்லை.

"உங்களுக்கு அது கேட்டுச்சா?" என்று கேட்டாள்.

"கேட்டுச்சு" என்றேன்.